எண்பத்தைந்தில் ஓடும் வண்டி

மீட்டருக்குள் சின்னதாய் ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை எப்படி அணைப்பது என்று சுபிக்ஷாவுக்குத் தெரியவில்லை. விஷயம் அவ்வளவுதான். டயர் வெடிக்கவில்லை, மாடு குறுக்கே வரவில்லை, மழைகூட இல்லை. காலை ஒன்பதேகால் மணி, பவானி தாண்டியாயிற்று, கோயமுத்தூர் ரோடு பந்தி முடிந்த மண்டபம் மாதிரி அகலமாகவும் காலியாகவும் கிடந்தது. வண்டி எண்பத்தைந்தில் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுவது அவள் அல்ல. அவள் கால் இரண்டும் ரப்பர் மேட்டின் மேல் சும்மா கிடந்தன, பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்ட பொம்பளையின் கால்கள் மாதிரி. குனிந்து ஆக்சிலேட்டரைப் பார்த்தாள். அது அசையவே இல்லை. பேய் ஓட்டினால்கூடப் பெடலை மிதித்துத்தானே ஓட்டும். இது மிதிக்காமலே போகிறது. மேடு வந்தால் தானாக உறுமிக்கொள்கிறது, இறக்கம் வந்தால் தானாக அடங்கிக்கொள்கிறது, முள் மட்டும் எண்பத்தைந்தில் குத்தி வைத்த மாதிரி நிற்கிறது. டேஷ்போர்டில் ஒட்டியிருந்த போன் சுங்கச்சாவடிக்கு ஒன்பது கிலோமீட்டர் என்று காட்டியது. ஒன்பதை எண்பத்தைந்தால் வகுத்து அறுபதால் பெருக்கினால் ஆறு நிமிஷம் சொச்சம். கணக்கில் ஃபெயில் ஆனவளுக்கு இது மட்டும் கண்ணைச் சிமிட்டுவதற்குள் வந்துவிட்டது. ஆறு நிமிஷத்துக்குள் இந்த விளக்கை அணைக்க வேண்டும். பக்கத்தில் அப்பா இருக்கிறார், கேட்டால் அரை நொடியில் சொல்லிவிடுவார். ஆனால் கேட்கக் கூடாது. கேட்டால் அவர் பேசுவார். அவர் ஒரு வார்த்தை பேசினால் போயிற்று.

சங்ககிரி டீக்கடையில்தான் அந்தப் பேச்சு வந்தது. அப்பா பேர் அர்த்தநாரி. திருச்செங்கோட்டில் போர் போடுகிற ரிக் லாரியை இருபத்தெட்டு வருஷம் ஓட்டியவர். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், எங்கெங்கோ போய்ப் பூமியைத் துளைத்துவிட்டு வந்தவருக்குப் போன ஆடியில் சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. இடது கண்ணில் எல்லாம் புகை, வலதில் பாதிப் புகை. மாதம் ஒருதரம் கோயமுத்தூருக்குப் போய்க் கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரிட்டையர் ஆனால் ஓட்டிப் பார்க்க என்று ஆசையாக வாங்கிய கார், வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை, சீட்டின் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை. இன்றைக்கு வருகிறேன் என்ற ஆக்டிங் டிரைவர் காலை ஐந்தரைக்குப் போன் பண்ணி வரவில்லை என்றுவிட்டான். நான் ஓட்டறனுங்ப்பா என்று இவள் சொன்னாள். லைசென்ஸ் வாங்கி ஒன்றரை மாதம். அப்பா வந்து ஏறினார். சங்ககிரி வரைக்கும் வாய் ஓயவே இல்லை. இண்டிகேட்டர் போடு, அவன் வருவான் பாரு, கிளச்சுல கால் வெச்சுக்கிட்டே ஓட்டாத, ஹாரன் என்ன அலங்காரத்துக்கா வெச்சிருக்கு. டீக்கடையில் இறங்கினதும் இவள் பொரிந்துவிட்டாள். "நீங்க பேசப் பேசத்தானுங் எனக்குக் கை ஒதறுது. பேசாம வாங்க, நான் எப்படி ஓட்டறன்னு பாருங்க." கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் என்ன பார்த்தாரோ தெரியாது. டீயை ஊதி ஊதிக் குடித்தார். அப்புறம் சொன்னார். "செரி சாமி. ஹைவே ஏறுனதும் வாய மூடிக்கறேன். ஆஸ்பத்திரி வாசல்ல போயி நிக்கிற வரைக்கும் நான் ஒரு வார்த்த பேச வேண்டி வரலீன்னா சாவி உங்கிட்ட. மாசாமாசம் என்னக் கூட்டிப் போறது நீதான், ஊர்ல எங்க போறதுன்னாலும் நீதான். ஒரு வார்த்த பேச வெச்சீன்னா, வர்ற திங்கக்கெழம டுடோரியல்ல கொண்டு போயி உட்டுருவேன்." இவள் எழுதித் தர்றீங்களா என்றாள். டீக்கடைக்காரர் பாய்லருக்குப் பின்னால் இருந்து, "பாப்பா வெவரமுங்க," என்றார். அப்பா, "வெவரமா இருந்திருந்தா பன்னெண்டாவத முடிச்சிருக்குமுங்களே," என்று காசைக் கொடுத்துவிட்டு நடந்தார்.

ஹைவே ஏறினதும் சொன்ன மாதிரியே வாயை மூடிக்கொண்டார். ஆனால் கையை மூடிக்கொள்ளவில்லை. வண்டி எண்பத்தைந்தைத் தொட்டதும், ஸ்டியரிங்குக்குக் குறுக்கே அவள் கைக்கு மேலாக நீட்டி, வலது பக்கப் பொத்தான்களில் எதையோ ஒன்றை அமுக்கினார், இன்னொன்றை அமுக்கினார். கண் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரிந்திருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. அவள் முட்டியில் இரண்டு தட்டு, காலை எடு என்று. எடுத்தாள். வண்டி தானாகப் போனது. அவருக்கு ஒரு சின்னச் சிரிப்பு, புது வண்டியின் வித்தையை மகளுக்குக் காட்டிவிட்ட சிரிப்பு, அப்புறம் சீட்டைப் பின்னால் சாய்த்துக் கையைக் கட்டிக்கொண்டார். முதல் பத்து நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது. வித்தையைத் தொடங்கத்தான் காட்டினார், முடிக்கக் காட்டவில்லை என்பது இப்போதுதான், போன் ஒன்பது கிலோமீட்டர் என்று சொன்னபோதுதான், மண்டையில் ஏறியது. பொத்தான் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம் என்றால் எழுத்தே இல்லை. காந்தாமணி அத்தையின் வேலை. வண்டி டெலிவரி எடுத்த அன்றைக்குக் கிண்ணம் நிறையச் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்து, பானெட்டுக்கு ஒன்று, நாலு சக்கரத்துக்கு நாலு, டிக்கிக்கு ஒன்று, கிளவுஸ் பாக்ஸுக்கு ஒன்று, அப்படியும் சந்தனம் மிச்சம் என்று ஸ்டியரிங்கில் வந்து வலது பக்கம் முழுக்க ஒரு அப்பு அப்பி, நடுவில் குங்குமம் வைத்துவிட்டுப் போனது. துடைக்கக் கூடாதாம், தானாக உதிர வேண்டுமாம். அது எங்கே உதிர்ந்தது. பூசின சிமெண்ட் மாதிரி இறுகிவிட்டது. அன்றைக்கு ஷோரூம் பையன் அப்பாவுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தான், ஏசி இது, வைப்பர் இது, குரூஸ் இது. அப்போது இவள் எங்கே இருந்தாள்? எலுமிச்சம்பழத்தை நாலு டயருக்கு அடியிலும் வைத்துக்கொண்டிருந்தாள். பின் டயருக்கு வைக்கும்போது ஒரே ஒரு வரி காதில் விழுந்தது. "குரூஸ் போட்டுட்டா காலு ரெண்டையும் எடுத்துடலாம் சார், பிரேக்கே தேவையில்ல." பிரேக்கே தேவையில்லை. தேவையில்லை என்றால் என்ன அர்த்தம்? வேண்டியதில்லை என்றா, கூடாது என்றா? அப்போது அது பெரிய வசதியாகக் கேட்டது. இப்போது எச்சரிக்கை மாதிரிக் கேட்கிறது.

பிரேக்கை மிதித்தால் என்ன. மிதிக்கலாம். ஆனால் அப்பா எத்தனை தடவை சொல்லியிருக்கிறார், சோற்றுத் தட்டின் முன்னால், மொட்டை மாடியில், யாராவது சொந்தக்காரர் கிடைத்தால் அவரிடம். இஞ்சின் இழுக்கும்போது பிரேக்கை மிதிக்காதே, பிரேக் லைனர் கருகிப்போயிரும். தொப்பூர் இறக்கத்தில் ஒருத்தன் அப்படித்தான் இரண்டு காலையும் ஒன்றாக அமுக்கினான், சக்கரத்திலிருந்து புகை வந்தது, அப்புறம் பிரேக்கே இல்லை, எதிரே கல் லாரி. இந்தக் கதையில் அந்த ஒருத்தனுக்குப் பேர் கிடையாது. ஒவ்வொரு தடவையும் கல் லாரி மட்டும் பெரிதாகிக்கொண்டே வரும். இங்கே இஞ்சின் இழுக்கிறது. அவள் காலை எடுத்த பிறகும் இழுக்கிறது. யார் சொன்னாலும் கேட்காமல் எண்பத்தைந்துக்கு இழுக்கிறது. பிரேக்கை மிதித்தால் இது விடுமா, இல்லை நீ பிடி நான் இழுக்கிறேன் என்று இன்னும் பலமாக இழுக்குமா? அப்படி இழுத்தால் லைனர் கருகும். கருகினால் சுங்கச்சாவடியில் பிரேக் இருக்காது. சரி, கிளச்சை மிதித்தால்? இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும், ஆனால் இஞ்சின் விடாமல் முறுக்கிக்கொண்டே போய்க் கத்தும், கத்தினால் அப்பா பேசுவார். சாவியைத் திருப்பினால்? ஓடுகிற வண்டியில் சாவியைத் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், அதுவும் அவர் சொன்னதுதான், அதற்கும் ஒரு பேர் இல்லாத ஆள் உண்டு. ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டுப் பார்த்தாள். தொண்ணூறு போனது. காலை எடுத்தாள். எண்பத்தைந்துக்கு வந்து மறுபடி குத்தி நின்றது. வீட்டுப் பிள்ளை வெளியே போய்ச் சுற்றிவிட்டு இரவுச் சோற்றுக்குத் திரும்பி வருகிற மாதிரி. இதெல்லாம் பதினொன்றாவது பிசிக்ஸ் புத்தகத்தில் இருக்கும். ஒரு கார் சீரான வேகத்தில் செல்கிறது, ஓட்டுநர் பிரேக்கை அழுத்துகிறார், ஐந்து வினாடியில் கார் ஓய்வு நிலைக்கு வருகிறது எனில் எதிர் முடுக்கம் காண்க. காண்க காண்க என்று எத்தனை தடவை காணச் சொன்னார்கள். அந்த ஓட்டுநர் எப்படி அவ்வளவு சுலபமாகப் பிரேக்கை அழுத்தினார் என்று ஒரு வரி எழுதினார்களா. அவருக்குப் பக்கத்தில் அவங்கப்பா உட்கார்ந்திருந்தாரா இல்லையா என்று எழுதினார்களா.

ஏழு கிலோமீட்டர். முன்னால் ஒரு வைக்கோல் லாரி, இரண்டு பக்கமும் பிதுங்கி, நகர்கிற மலை மாதிரி. அது நாற்பதில் போகிறது. இவள் எண்பத்தைந்தில் போகிறாள். மெதுவாக்க முடியாது, ஆகவே விலக வேண்டும், வேறு வழியே இல்லை என்பது ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. கண்ணாடியில் பார்த்தாள், இண்டிகேட்டர் போட்டாள், வலது லேனுக்கு வழுக்கினாள். வைக்கோல் நுனி ஒன்று இடது பக்கக் கண்ணாடியை உரசிக்கொண்டு போனது. அப்பாவின் பக்கம்தான். அவர் அசையவில்லை. தூங்குகிறாரா. அந்தக் கறுப்புக் கண்ணாடி, ஆஸ்பத்திரியில் கொடுத்தது, பக்கவாட்டிலும் மூடியிருக்கிற மாதிரி, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் கண் தெரியாது. கண் திறந்திருந்தாலும் ஒன்றுதான் மூடியிருந்தாலும் ஒன்றுதான். வெளியே இருப்பவர்களுக்கும், ஒருவேளை உள்ளே இருப்பவருக்கும். அப்படி நினைத்ததும் அவளுக்கே தன்மேல் கோபம் வந்தது. இந்த நேரத்தில் இதுவா நினைப்பு. ஆறு கிலோமீட்டர். நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினாள். அத்தை வையட்டும். ஒரு பொட்டு உதிர்ந்து மடியில் விழுந்தது, அடியில் கறுப்பாகப் பொத்தானின் ஒரு ஓரம் தெரிந்தது. அமுக்கினாள். எண்பத்தாறு. மறுபடி அமுக்கினாள். எண்பத்தேழு. ஐயோ, இது ஏற்றுகிற பொத்தான். அப்படியென்றால் கீழே இருப்பது இறக்குகிற பொத்தானாக இருக்க வேண்டும், ஆனால் கீழேதான் குங்குமத்தோடு மொத்தச் சந்தனமும் உட்கார்ந்திருக்கிறது, அமுக்கினால் கல்லை அமுக்கின மாதிரி இருக்கிறது. அப்பா அமுக்கினதில் உள்ளே போய்ப் பிடித்துவிட்டது போல. ஒருவேளை இடது பக்கமும் ஏதாவது இருக்குமோ. இடது கட்டை விரலால் ஒரு பொத்தானைத் தொட்டாள். பாட்டு வரவில்லை. ரிங் போகிற சத்தம் வண்டி முழுக்கக் கேட்டது. கடைசியாக யாருக்குப் பேசினோமோ அவருக்கு அதுவே போன் போட்டுவிட்டது.

"என்ன சாமி, போயாச்சா?" அம்மாவின் குரல் நாலு ஸ்பீக்கரிலும் வந்தது. அடுப்படியில் இருக்கிறாள் போல, குக்கர் இரைகிறது.

"இல்லீங்ம்மா. தெரியாம கை பட்டுருச்சு."

"வண்டி ஓட்டிக்கிட்டாடீ பேசற? ஓரமா நிறுத்திட்டுப் பேசு."

நிறுத்த முடிந்தால் நிறுத்த மாட்டேனா. தொண்டை வரைக்கும் வந்தது. "அப்பறம் பேசறனுங்."

"அப்பா எங்க? அப்பாகிட்டக் குடு."

"தூங்கறாருங்."

அம்மா சிரித்தாள். "வண்டியில அவரா? கல்யாணம் ஆனதுலருந்து பாக்கறேன், எவன் ஓட்டுனாலும் கண்ண மூடுனதில்ல அந்த மனுசன். பழனிக்குப் போறப்ப பஸ்ஸுல ராத்திரி பூரா டிரைவருக்குப் பின்னாடி நின்னுக்கிட்டே வந்தாரு. நீ நல்லாப் பாரு, முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பாரு. என்னங்க, கேக்குதுங்களா?"

அப்பா பேசவில்லை. அம்மா கூப்பிட்டுப் பேசினால் அது கணக்கில் வருமா வராதா? "வெச்சர்றனுங்ம்மா," என்று எந்தப் பொத்தான் என்று பார்க்காமல் இடது பக்கம் எல்லாவற்றையும் அமுக்கினாள். குக்கர் நின்றது.

நாலு கிலோமீட்டர். எண்பத்தேழில் போகிறதால் இன்னும் சீக்கிரம் வந்துவிடும். தூங்குகிறாரா இல்லையா. தூங்கினால் எழுப்ப வேண்டும். முழித்திருந்தால் ஏன் பேசவில்லை. முழித்திருந்து பேசாமல் இருக்கிறார் என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமா, இல்லை இவள் எப்போது வாயைத் திறப்பாள் என்று காத்துக்கொண்டிருக்கிறாரா? தெரியவில்லை என்று சொல்வது ஒரு காலத்தில் அவளுக்குச் சுலபமாக இருந்தது. அரையாண்டுப் பரீட்சையில் பிசிக்ஸ் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, விடைத்தாளின் முதல் பக்கத்தில் எனக்கு இது எதுவும் தெரியாது என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, பதினைந்தாவது நிமிஷத்தில் கொடுத்துவிட்டு வந்தவள். பொய்யாக நாலு பக்கம் கிறுக்கி வைப்பதைவிட அது மேல் என்று நிஜமாகவே நினைத்தாள். சார் அந்தப் பேப்பரை மூன்று செக்ஷனிலும் கொண்டுபோய்க் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கும் தெரியாதுதான், கிறுக்கி வைத்திருந்தார்கள், பாஸ் ஆனார்கள், இப்போது இஞ்சினியரிங் காலேஜ் பஸ்ஸில் போகிறார்கள். இவள் ஜனவரியில் பள்ளிக்கூடம் போகவில்லை, பிப்ரவரியில் போகவில்லை, படிப்பு அப்படியே விட்டுப்போனது. அதிலிருந்து தெரியாது என்ற சொல்லை வாயில் எடுப்பதில்லை. தோசை ஊற்றத் தெரியுமா, தெரியும். ஸ்கூட்டி தெரியுமா, தெரியும். கார் தெரியுமா. தெரியும். குரூஸ் போட்டால் அணைக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரியும் என்றுதான் சொல்லியிருப்பாள், அதுதான் பயமாக இருந்தது. நாலு பக்கம் கிறுக்குகிறவர்களைப் பார்த்துக் காறித் துப்பியவள், இப்போது எண்பத்தேழு கிலோமீட்டர் வேகத்தில் கிறுக்கிக்கொண்டிருக்கிறாள். அதுவும் யார் உயிரை வைத்து? பதினொன்றரைக்கு ஊசி. இந்த மாதம் தவறினால் வலது கண்ணின் பாதிப் புகை முக்கால் ஆகும் என்றார் டாக்டர். ஊசி தவறுவதைப் பற்றி நினைக்கிறாளே, மோதினால் கண் எதற்கு? பிரேக்கை மிதித்துப் பார்த்துவிடலாமா. மிதித்தால் கருகும். கருகுமா? யார் பார்த்தார்கள்? தொப்பூரில் ஒருத்தன். அவன் ஓட்டினது லாரி. இது லாரியா? பிரேக் பிரேக்தானே. சாவி போய்விடும். சாவி போனால் திங்கட்கிழமை. டுடோரியல் மாடிப்படியில் ஏறும்போது கீழே செருப்புக் கடைக்காரன் பார்ப்பான். ச்சே, செருப்புக் கடைக்காரனா இப்போது முக்கியம்.

இரண்டு கிலோமீட்டர் என்று பச்சைப் பலகை வந்து தலைக்கு மேல் போனது. வேகத்தைக் குறைக்கவும். குறைக்கிறேன், எப்படி என்று சொல். தூரத்தில் சுங்கச்சாவடியின் நீளமான கூரை தெரிந்தது, அடியில் சிவப்புச் சிவப்பாகப் பின் விளக்குகள், வரிசையில் நிற்கிற வண்டிகள். அவள் உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. வியர்வையில் சந்தனம் கொஞ்சம் இளகி வாசனை வந்தது, கோயில் வாசனை. ஒரு கிலோமீட்டர். போதும் என்று தோன்றியது. சாவியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

"அப்பா," என்றாள். குரல் அவள் குரல் மாதிரியே இல்லை. "அப்பா, எனக்கு இத ஆஃப் பண்ணத் தெரியலீங்."

திரும்பிப் பார்க்க ஒரு நொடிகூட இல்லை. கேட்கவில்லையோ, நிஜமாகவே தூங்குகிறாரோ, அம்மா சொன்னது தப்போ, சர்க்கரை ஏறி மயங்கிக் கிடக்கிறாரோ. இன்னொரு தடவை அப்பா என்று வாயெடுப்பதற்குள் இடது பக்கச் சர்வீஸ் ரோட்டிலிருந்து ஒரு மொபெட் ஏறியது. பின்னால் இரண்டு தீவன மூட்டை, மேலே ஒரு ஆள், அவர் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை, அவருடைய ரோடு மாதிரி நேராக வந்தார். இவள் ஒன்றையும் நினைக்கவில்லை. லைனரை நினைக்கவில்லை, தொப்பூரை நினைக்கவில்லை. கால் மட்டும் போனது. யாரும் சொல்லாமல் அதுவாகவே போய்ப் பிரேக்கை மிதித்தது. வண்டி முன்பக்கம் அமுங்கிக் குனிந்தது. பச்சை விளக்கு அணைந்தது. அவ்வளவுதான். இழுக்கவில்லை, சண்டை போடவில்லை, கத்தவில்லை, கருகவில்லை. இத்தனை நேரமும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இஞ்சின் சட்டென்று விட்டுக்கொடுத்துவிட்டது. எண்பத்தேழு எழுபதானது, ஐம்பதானது, மொபெட்காரர் தன்பாட்டுக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தார், தன் உயிருக்கு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது, அவர் மூட்டைகளுக்கும் தெரியாது. நாற்பது. முப்பது. கியரை மாற்றினாள். மிதித்தால் அணையும். இவ்வளவுதானா. ஒன்பது கிலோமீட்டரும் காலுக்கடியிலேயே இருந்திருக்கிறது. அவளுக்கு அழுகை வரும் போலவும் இருந்தது, யாரையாவது நாலு அறை அறைய வேண்டும் போலவும் இருந்தது. அத்தையையா, ஷோரூம் பையனையா, தொப்பூர்க்காரனையா, யாரை என்று தெரியவில்லை.

வரிசையில் ஐந்தாவது வண்டியாகப் போய் நின்றாள். நின்ற பிறகுதான் இடது பக்கம் திரும்ப நேரம் கிடைத்தது. அப்பா அதே மாதிரிச் சாய்ந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி நேராக முன்னால் பார்த்தது. உதடு இரண்டும் தைத்த மாதிரி மூடியிருந்தன, ஓரத்தில் வெளுத்துப்போய். சரி, தூங்கத்தான் தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டே கீழே பார்த்தாள். வலது செருப்பு கழன்று தனியே கிடந்தது. வெறுங்கால் நீண்டு முன்னால் போயிருந்தது, ரப்பர் மேட்டைச் சுருட்டித் தள்ளிக்கொண்டு, விரல்கள் ஐந்தும் தரையில் அழுந்தி வெளுத்து, கணுக்காலில் நரம்பு கயிறு மாதிரிப் புடைத்து, முட்டி லேசாக உதறிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பெடல் கிடையாது. வெறும் தகரம். அந்தத் தகரத்தை அவர் மிதித்துக்கொண்டிருந்தார். வண்டி நின்றாயிற்று, இன்னும் மிதித்துக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு வண்டி நகர்ந்தது. இவள் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். அங்கேயும் கால் எழும்பியது. இவள் மிதித்தாள். அங்கேயும் அழுந்தியது. இவளுக்கு இருக்கிற மாதிரியே கட்டை விரலைவிட நீளமான இரண்டாம் விரல். எப்போதிலிருந்து? மொபெட் வந்ததிலிருந்தா, தெரியலீங் என்று சொன்னதிலிருந்தா? வைக்கோல் லாரியிலிருந்தேவா? அம்மா ஸ்பீக்கரில் கூப்பிட்டபோதும் இந்தக் கால் இப்படித்தான் இருந்ததா? அப்படியென்றால் எல்லாம் கேட்டிருக்கிறது. கேட்டும் வாயைத் திறக்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை, மிதி என்று சொன்னால் போதும், சொல்லவில்லை. இஞ்சின் இழுக்கையில் மிதிக்காதே மிதிக்காதே என்று வாய் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறது, கால் வேறு சொல்கிறது. சாவிக்காக இப்படியா, ஒரு சாவிக்காக இரண்டு பேரையும் கொண்டுபோய்ச் சுங்கச்சாவடியில் மோத விட்டிருப்பாரா? இது நம்பிக்கையா, வீம்பா? இல்லை அவருக்கும் தெரியாதா? பொத்தானில்தான் எப்போதும் அணைத்துப் பழக்கமா, பேசினால் தெரியாது என்று சொல்ல வேண்டி வருமே என்று பேசாமல் இருந்தாரா? அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கால் சொன்னது வார்த்தையில் சேருமா சேராதா? டீக்கடையில் அதைக் கேட்டு வைத்திருக்க வேண்டும்.

முன் வண்டி போனது. மேலே இருந்த கருவி கண்ணாடியில் ஒட்டின சுங்கக் கட்டண ஸ்டிக்கரைப் பிடிக்கவில்லை போல, தடுப்பு எழும்பவில்லை. கூண்டிலிருந்த பெண் தலையை நீட்டி, "கொஞ்சம் பின்னால எடுத்துட்டு முன்னால வாம்மா," என்றாள். பின்னால் நிற்கிற லாரிக்காரன் உடனே ஹாரன் அடித்தான். சுபிக்ஷா கண்ணாடியில் பார்த்து, ரிவர்ஸ் போட்டு, இரண்டடி பின்னால் எடுத்து நிறுத்தினாள். பக்கத்தில் கால் மிதித்தது. முன்னால் வந்து நிறுத்தினாள். பக்கத்தில் கால் மிதித்தது. சட்டென்று அவளுக்குக் கடுப்பு வந்தது.

"அப்பா, கால எடுங்க. நானே மிதிச்சுக்கறேன்."

கறுப்புக் கண்ணாடி அசையவில்லை. வாய் திறக்கவில்லை. கீழே அந்தக் கால் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தது. அப்புறம் மெதுவாகப் பின்னால் வந்து, தரையைத் தடவித் தடவிச் செருப்பைத் தேடி, உள்ளே நுழைந்து, சீட்டுக்கடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. தடுப்பு எழும்பியது. முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. ரோடு மறுபடி அகலமாகக் கிடந்தது. முள் எண்பதைத் தொட்டது, தொட்டுக்கொண்டு நடுங்கியது, அவள் கால் நடுங்குகிற அளவுக்கு நடுங்கியது. பொத்தான் பக்கமே அவள் போகவில்லை. அடுத்த பாலம் ஏறும்போது முன்னால் ஒரு டேங்கர் வந்தது. பிரேக்கைத் தொட்டாள், தொட்டுக்கொண்டே ஓரக்கண்ணால் கீழே பார்த்தாள். அப்பாவின் கால் முன்னால் வந்திருந்தது. இந்தத் தடவை செருப்போடு.

அவளும் வாயைத் திறக்கவில்லை.